சேர்விஸுக்கு விட்ட கார் பழுதோடு திரும்பினால்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் தங்குகிறவர்களைக் கட்டுநாயக்கா, சிகிரியா, கண்டி என்று ஏற்றி இறக்குவது என் தொழில். வண்டி டொயோட்டா அக்சியோ, 141 மொடல். அது ஓடினால்தான் வருமானம் என்பதால் வாகனம் திருத்துகிற இடங்களோடு எனக்குப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

நம்ம தெருவோரத்து கராஜ்காரரைப் பற்றி இதில் எழுதவில்லை. அவர் செய்த வேலை பிழைத்தால் பின்னேரம் வண்டியைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி, "என்ன அண்ணன் இது?" என்று கேட்டால் போதும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்துவிடுவார். நான் சொல்வது நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற சேர்விஸ் கம்பனிகளை. ஏசி அறை, நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் கையில் பிளேன்டீயோடு நாம். அங்கே நம்மோடு கதைக்கிறவர் ஒருவர். வண்டிக்குக் கீழே நிற்கிறவர் வேறொருவர், அவர் பெரும்பாலும் பழகுகிற பெடியன். காசைத் திருப்பித் தரலாமா என்று முடிவு சொல்கிறவரோ இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருக்கிறார். நாம் வாயால் சொல்கிற முறைப்பாடு இந்த மூன்று பேருக்கும் நடுவில் காணாமல் போய்விடும். எழுத்தும் படமும் இருந்தால் போகாது. கீழே இருப்பதெல்லாம் அதைச் சேர்த்துக்கொள்கிற வழிகள்தான்.

முதல் வேலை வண்டியை விடும்போதே தொடங்குகிறது. ஜொப் கார்ட்டில், அதாவது செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கிற அட்டையில், என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "முன் பிரேக் பேட் மாற்ற வேண்டும்" என்று எழுத வைத்தால் பேட்டை மாற்றுவார்கள், சத்தம் நிற்காவிட்டால் "நீங்கள் கேட்டதைச் செய்தோம்" என்பார்கள். அதில் அவர்கள் மேல் பிழை சொல்லவும் முடியாது. "மெதுவாகப் போகும்போது பிரேக் பிடித்தால் முன் இடப்பக்கம் கீச்சிடுகிறது, வேகத்தில் இல்லை" என்று எழுத வைத்தால் அந்தச் சத்தத்தை நிறுத்துவது அவர்களின் பொறுப்பு ஆகிவிடுகிறது. கார்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும், எழுதுகிறவர் சிங்களத்தில் கதைப்பவராகவும் இருக்கலாம். வெட்கப்படாமல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கழற்றுகிற பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்; கூடுதல் வேலை எதுவும் என்னிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். கார்ட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியையும் படம் எடுக்க வேண்டும். மீற்றர், நான்கு பக்கமும், பொனட்டைத் திறந்து ஒன்று. வீட்டில் வண்டி நிற்கிற நிலத்தை ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது, அதன் பயன் பிறகு தெரியும். ஒயில் ஃபில்டரிலும் எயார் ஃபில்டரிலும் மார்க்கர் பேனையால் சின்னதாக ஒரு கோடு போட்டுவிடுவேன். பில்லில் புது எயார் ஃபில்டர் இருக்கும், பெட்டியைத் திறந்தால் என் கோடு சிரிக்கும். அந்தக் கோட்டைக் காட்டின பிறகு யாரும் என்னோடு தர்க்கம் பண்ணியதில்லை.

வண்டியை எடுக்கும்போது காசு கட்டுகிற அவசரத்தில் கேற்றைத் தாண்டிவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

ஒயில் மட்டத்தை எஞ்சினில் செருகியிருக்கிற அளவுக் குச்சியில் பாருங்கள். என் வண்டியின் 1என்இசட் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில்தான் போகும். பில்லில் 4 லீற்றர் கான் இருந்தால் மிச்சம் கொஞ்சம் கானில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் காசு. மிச்சம் இல்லை, குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால் முழுக் கானையும் ஊற்றியிருக்கிறார்கள். குறைவாக ஊற்றுவதைப் போலவே கூடுதலாக ஊற்றுவதும் எஞ்சினுக்குக் கெடுதல்.

சில்லைக் கழற்றியிருந்தால் நட்டை எதால் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கிவிடுவது சுகமான வேலை, ஆனால் அளவில்லாமல் இறுக்கினால் நட்டுப் பூட்டுகிற ஸ்டட் போல்ட் இழுபடும், வழியில் ரயர் காற்றுப் போனால் நம் சாவியால் கழற்றவும் முடியாது. என் வண்டி மாதிரி டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர் இறுக்கம் என்பது கணக்கு. அந்த இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச் அவர்களிடம் சுவரில் தொங்கும். எடுத்து ஒரு தடவை வைத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், முகம் மட்டும் கொஞ்சம் மாறும். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கியர் ஒயில் மாற்றியிருந்தால் பில்லில் அதன் பெயர் முழுதாக இருக்க வேண்டும். என் அக்சியோவில் இருப்பது சிவிடி பெட்டி, பல்லுச் சக்கரங்களுக்குப் பதிலாக உள்ளே பெல்ட் ஓடுகிற ஓட்டோ கியர், அதற்கு அதற்கென்றே உள்ள சிவிடி ஒயில்தான் வேண்டும். சாதாரண ஓட்டோ கியருக்கான ஏடிஎஃப் ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பெல்ட் வழுக்கி, பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். சில மாதம் கழித்துப் பெட்டி போனால் என்ன ஊற்றினார்கள் என்று சொல்ல அந்த பில் மட்டும்தான் மிஞ்சும். "கியர் ஒயில் 4 லீற்றர்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பழுது வரும். எனக்கு வந்தது ஒயில் கசிவு. சேர்விஸ் முடித்து இரவு வண்டியைப் போர்ட்டிகோவில் விட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் எஞ்சினுக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒயில். எஞ்சினை இயக்கினால் சொட்டு கெதியாகிறது. அன்றைக்கு விமான நிலையத்துக்கு ஒரு ஹயர் இருந்தது. கூட்டாளி ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். ஹபரணைக் காட்டுக்குள் ஒயில் இல்லாமல் எஞ்சின் பிடித்தால் எந்தக் கம்பனியும் எனக்கு எஞ்சின் வாங்கித் தரப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் நம்மில் நிறையப் பேர் அவசரப்படுகிறோம். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "ஒருக்கால் பாருங்கோ" என்கிறோம். அவர் நல்ல மனதோடு சாவியைப் போட்டு இறுக்கிவிடுவார். அதோடு நம் வழக்கு முடிந்தது. "வெளியில் கை வைத்துவிட்டீர்கள்" என்று ஒரு வசனம் சொல்வார்கள், அதற்குப் பதில் கிடையாது. தெரிந்தவர் வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், தொடக் கூடாது. கசிவு, பிரேக், ஸ்டியரிங் என்றால் ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். ஆளை அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் செலவில் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அன்றைய பேப்பரை ஒயிலுக்குப் பக்கத்தில் விரித்து, மீற்றரையும் சேர்த்து வீடியோ எடுத்தேன். கிளையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அதை அனுப்பி, கீழே இப்படி எழுதினேன்: "நேற்று உங்களிடம் ஒயிலும் ஃபில்டரும் மாற்றிய வண்டி. இன்று காலை ஒயில் ஒழுகுகிறது. நான் ஓட்டவில்லை, யாரும் தொடவில்லை. பில் இலக்கம் இது. இன்றைக்கே ஆள் அனுப்பிப் பாருங்கள்." கோபம், வரலாறு, "நான் எத்தனை வருச வாடிக்கையாளர்" எதுவும் வேண்டாம். பிறகு கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால் இதே நாலு வரி அப்படியே போகும்.

மதியம் ஆள் வந்து ஒயில் ஊற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். மனேஜர் சின்ன வயது. சம்ப் மேல், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தட்டின் மேல், பழியைப் போட்டார்.

"அண்ணன், உங்கட வண்டி பழசுதானே. சம்ப் துருப்பிடிச்சு ஏற்கனவே ஒழுகியிருக்கும்."

"சரி தம்பி. போன கிழமை அதே இடத்தில் எடுத்த படம் இது. நிலம் காய்ந்து கிடக்கு. வண்டியைத் தூக்குங்கோ, நானும் நிற்கிறன், ரெண்டு பேரும் பார்ப்பம்."

தூக்கினார்கள். ஃபில்டரைக் கழற்றினபோது எஞ்சின் பக்கம் ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரின் வளையம். அதைத் துடைத்து எடுக்காமல் அதற்கு மேலேயே புது ஃபில்டரைப் பூட்டியிருக்கிறான் பெடியன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தால் இறுகவே இறுகாது. ஒயில் அழுத்தம் ஏற ஏறப் பிதுங்கும், நெடுந்தூரம் வேகமாகப் போனால் மொத்தமாகப் பீறிட்டு விடும். நகத்தால் கிண்டி எடுத்த அந்த வளையம் மேசையில் கிடந்த பிறகு வண்டியின் வயதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. வண்டியைத் தூக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். "பாதுகாப்பு, உள்ளே வர முடியாது" என்பார்கள். கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், ஆனால் இடத்தை விட்டு நகராதீர்கள்.

அந்தப் பெடியன் மீது பாயாதீர்கள். ஒரு பிழையும் இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்கு மேலே ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நம் கதை அவரோடு. அதோடு இது சின்ன ஊர். அவனுடைய மாமி நம் தெருவிலேயே இருப்பார்.

என்ன வேண்டும் என்று முதலே தீர்மானித்துக்கொண்டு போங்கள். கிளைகளுக்குப் பிடித்தது அடுத்த சேர்விஸில் கழிவு. வேலையைப் பிழைக்கச் செய்த இடத்துக்கே திரும்பி வரச் சொல்லி அழைப்பிதழ் கொடுப்பதை நட்டஈடு என்று எப்படிச் சொல்வது? நான் கேட்டது புது ஒயில், புது ஃபில்டர், முந்திய கூலிக் காசு, அப்புறம் எதனால் ஒழுகியது என்று பில்லில் ஒரு வரி. முதல் இரண்டும் உடனே கிடைத்தன. கூலிக்குத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட வேண்டி வந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் அதிக இழுபறி. ஹயர் போன நட்டத்துக்கு ஒன்றும் தரவில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் உடைகிற எல்லா போல்ட்டும் மோசமான வேலையால் உடைவதில்லை. கடற்காற்றில் நிற்கிற வண்டிகள் நம்முடையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது, அதனால் எல்லோரும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தோம். சைலன்ஸர் போல்ட்டும் லோவர் ஆர்ம் போல்ட்டும் உப்பில் ஊறிக் கல்லாகியிருக்கும், எவ்வளவு கவனமாகக் கழற்றினாலும் சில முறியும். நான் பார்ப்பது ஒன்றுதான்: முறியலாம் என்று முன்கூட்டியே போனில் சொன்னார்களா, அல்லது முறித்துவிட்டு பில்லில் சேர்த்தார்களா?

ஏசிக்கும் ஒரு வரி. காஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் மட்டும் அடித்துக் காசு வாங்கினால், அடுத்த மாதமும் நீங்கள்தான் போய் நிற்பீர்கள்.

கிளையும் தலைமை அலுவலகமும் இழுத்தடித்தால் அடுத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். வியாபாரமாகச் செய்கிற எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், அதற்குப் போடுகிற பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் அடித்திருப்பதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "பார்ப்பம் அண்ணன், அடுத்த கிழமை" என்று மூன்று மாதத்தைக் கடத்திவிடுவது எளிது, ஆகவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தமிழிலேயே எழுதலாம். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஜொப் கார்ட், பில், படங்கள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் பிரதி இணையுங்கள். வேறொரு கராஜின் கடிதத் தலைப்பில், என்ன பிழை என்று இரண்டு வரி வாங்கி வைத்தால் பலம். ஆனால் அதைத் திருத்துவதற்கு முன் வாங்க வேண்டும்.

மத்தியஸ்த சபையும் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, செலவும் மிகக் குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. ஊரிலுள்ள கராஜ்காரரோடு பிரச்சினை என்றால் அது நல்ல இடம். கம்பனி என்றால் முடிவெடுக்க அதிகாரமில்லாத ஒருவரை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

பொலிஸுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். வேலை சரியில்லை என்பதற்குப் போவது வீண், "இரண்டு பேரும் பேசித் தீருங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் நல்ல பற்றரியைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டியிருந்தால் அது வேறு கதை, அதற்குப் போங்கள். பற்றரியின் தொடர் இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் கையில் இருக்கட்டும்.