பாத வளைவை அளக்கும் முன் உங்கள் கையைச் சோதியுங்கள்

பிசியோதெரபி படிக்க வந்த புதிதில் நானும் தோழியும் ஒரே காலில், எழுந்து நிற்கும்போது பாத வளைவு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். எனக்கு 6 மி.மீ., அவளுக்கு 11. பத்தைத் தாண்டினால் பாதம் அளவுக்கு மீறி உள்பக்கம் சாய்கிறது என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு. ஆக, என் கையில் நார்மல், அவள் கையில் கோளாறு. கால் என்னவோ ஒன்றுதான்!

நாங்கள் செய்தது நாவிகுலர் டிராப் பரிசோதனை. நாவிகுலர் என்பது பாதத்தின் உள்பக்கம், வளைவின் மேலே இருக்கும் எலும்பு. ஓட்டக்காரர்களின் காயங்களைப் பற்றி 1982-ல் எழுதிய பிராடி விவரித்த முறை. பேனா, ஸ்கேல், ஒரு கெட்டி அட்டை வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை தாராளமாகப் போதும்.

படி 1: நாவிகுலர் எலும்பைத் தேடுங்கள். தப்பு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. ஆளை உட்கார வைத்து, உள்பக்கக் கணுக்கால் எலும்பிலிருந்து விரலைக் கீழாகவும் முன்னாலும் நகர்த்துங்கள். துருத்திக்கொண்டு ஒரு மேடு தட்டுப்படும். சந்தேகமா? பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கயிறு போல ஒரு தசைநாண் புடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் அந்த மேட்டுக்கு வந்துவிடலாம். புள்ளியைச் சின்னதாக வையுங்கள். பட்டாணி அளவுக்கு மை அப்பினால் அதிலேயே 3, 4 மி.மீ. போய்விடும்.

படி 2: முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, பாதம் தரையில் இருக்கட்டும். கணுக்காலுக்குச் சற்று முன்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இருபுறமும் வைத்து, டேலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டில், நாவிகுலருக்குப் பின்னால் இருப்பது) தலை இரண்டு விரலுக்கும் சமமாகப் படும்வரை பாதத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அப்படியே பிடித்து, அட்டையைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, புள்ளியின் உயரத்தில் கோடு போடுங்கள்.

படி 3: எழுந்து இரு காலிலும் சமமாக எடை போட்டு இயல்பாக நிற்கச் சொல்லி, இன்னொரு கோடு. குனிந்து தன் காலையே பார்ப்பவரை நேரே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் எண்.

படி 4: இதை யாரும் செய்வதில்லை. மையைத் துடையுங்கள். அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் முதலிலிருந்து அளந்து பாருங்கள். பழைய புள்ளியிலேயே மறுபடி அளந்தால் ஸ்கேலைப் படிக்கத் தெரியுமா என்பதுதான் தெரியவரும், எலும்பைக் கண்டுபிடிக்கத் தெரியுமா என்பது தெரியாது. ஏழெட்டுப் பேரிடம் செய்து பார்த்து, உங்கள் இரண்டு அளவும் வழக்கமாக 3 மி.மீ. தள்ளாடுகிறது என்றால், செருப்புக்குள் இன்சோல் வைத்தபின் 2 மி.மீ. குறைந்ததை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்.

படி 5: அப்புறம் நண்பரோடு ஒப்பிடுங்கள், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல். அவர் எப்போதும் 4 மி.மீ. கூடுதலாகவே அளந்தால் இருவர் எண்களும் சேர்ந்தே ஏறி இறங்கும், கோரிலேஷன் (எண்கள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் அளவு) அமோகமாக வரும். ஆனால் ஒத்துப்போவதில்லையே! அதனால் ஒருவர் எண்ணிலிருந்து மற்றவர் எண்ணைக் கழித்து வித்தியாசத்தையே பாருங்கள்.

பாதத்தைத் தொட்டும் பார்த்தும் ஆறு அம்சங்களுக்கு -2 முதல் +2 வரை மதிப்பெண் போடும் எஃப்பிஐ-6 (ஃபுட் போஸ்சர் இண்டெக்ஸ்) முறையும் இருக்கிறது. மொத்தம் 0 முதல் +5 வரை வந்தால் நார்மல். அதிலும் இதே கதைதான்: ஒரே ஆள் திரும்பப் பார்த்தால் நன்றாக ஒத்துப்போகும், ஆள் மாறினால் ஒற்றுமை குறையும். எனவே ஒரு நோயாளியை முதல் நாள் பார்த்தவரே கடைசிவரை அளக்கட்டும், கேஸ் ஷீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அளந்தவர் பெயரும் இருக்கட்டும்.