மிகையான நடனப் படங்களைக் கூச்சமின்றி ரசிக்க

1982-இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்து, பப்பி லஹிரி இசையமைத்து வெளிவந்த ‘டிஸ்கோ டான்சர்’ போன்ற மிகையான ஆட்டபாட்டப் படங்களைக் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்க்காமல், தொலைக்காட்சியுடன் நல்ல ஒலிபெருக்கியை இணைத்து, ஒரே அமர்வில் முழுமையாகப் பார்ப்பது நல்லது. மகனைக் கொல்வதற்காக மின்சாரம் பாய்ச்சி வைக்கப்பட்ட கிட்டாரைத் தொட்டுத் தாய் இறந்துபோக, அதன்பின் கிட்டாரைக் கண்டாலே நாயகன் நடுங்கும் கட்டம், பாடல்களை மட்டும் தேடிப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காது. அங்கே தர்க்கம் தேடுவது வீண்வேலை என்பது வேறு. உடன் பார்க்க, சிரித்துக்கொண்டே தாளம் போடக்கூடிய ஓரிருவரை மட்டும் அழையுங்கள். காட்சிக்குக் காட்சி குறைசொல்லும் நண்பரை வேறொரு படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தி தெரியாதவர்கள் பாடல்களின்போது மட்டும் சப்டைட்டிலை அணைத்துவிட்டால், பளபளக்கும் உடைகளையும் வண்ண விளக்குகளையும் தவறவிடாமல் பார்க்கலாம்.