ஓட்ட வீராங்கனையின் சாதனைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

குறுந்தூர ஓட்ட வீராங்கனை ஒருவரை மதிப்பிட முனைவோர் பெரும்பாலும் முதலில் தேடுவது அவருடைய மிகச் சிறந்த நேரத்தைத்தான். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் ஆகியவற்றின் இறுதிச்சுற்றுகளில் அவர் பெற்ற இடங்களை ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டரில் 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் ஒலிம்பிக் தங்கம், 2016 ரியோவில் வெண்கலம், 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி என்ற வரிசையோடு, 2009, 2013, 2015, 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் உலக சாம்பியன்ஷிப் தங்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், முதல் தங்கத்துக்கும் கடைசித் தங்கத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் இருப்பது தெரியும். சில விநாடிகளில் முடிந்துவிடும் பந்தயத்தில் இவ்வளவு காலம் முன்னணியில் நிற்பது, என் கணிப்பில், எந்த ஒற்றை நேரத்தையும்விடப் பெரிய சாதனை.

அடுத்து, வரிசையில் விழும் இடைவெளிகளுக்குக் காரணம் தேடுங்கள். 2017 உலகப் போட்டியில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் மகப்பேறு. அந்த ஆகஸ்டில் மகன் பிறந்தான், இரண்டே ஆண்டுகளில் தோஹாவில் 10.71 விநாடியில் ஓடித் தாய் மீண்டும் தங்கம் வென்றார். பாதகமான செய்தியையும் விட்டுவிடக் கூடாது: 2010இல் தடைசெய்யப்பட்ட வலிநிவாரணி ஒன்று சோதனையில் தெரியவந்ததால் அவருக்கு ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது.

நேரங்களைப் பார்க்கும்போது பக்கத்திலுள்ள காற்றின் அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது, ஆனால் பதக்கம் செல்லும். 1988 சியோல் இறுதிச்சுற்றில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித்-ஜாய்னர் ஓடிய 10.54 அத்தகையது. வரம்புக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2021இல் லோசானில் ஃபிரேசர்-பிரைஸ் ஓடிய 10.60க்கு 1.7 மீட்டர் பின்காற்று துணைநின்றது. அதே ஆண்டு டோக்கியோ இறுதிச்சுற்றில் அவரை முந்திய எலைன் தாம்சன்-ஹேராவோ 0.6 மீட்டர் எதிர்க்காற்றில் 10.61 ஓடினார். எண்ணில் முந்தையது வேகமானது என்றாலும், ஓட்டத்தில் பிந்தையதே உயர்ந்தது.

கடைசியாக, பதக்கப் பட்டியல் பின்னாளில் திருத்தப்பட்டதா என்று பாருங்கள், ஏனெனில் ஓட்டம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் முடிவு மாறக்கூடும். 2000 சிட்னியில் 200 மீட்டரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்ற இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு, ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்ட மரியன் ஜோன்ஸின் தங்கம் பறிக்கப்பட்ட பின், 2009இல் வெள்ளி வழங்கப்பட்டது. அதே போட்டியின் 100 மீட்டரில் காலியான தங்கம் யாருக்கும் அளிக்கப்படவில்லை. ஆனால் நாற்பது வயதில் நான்காவதாக வந்திருந்த மெர்லின் ஆட்டிக்கு வெண்கலம் சேர்ந்தது.