மழைக்காலத்துக்கு நிறுத்தும் முன் கேரவனின் தண்ணீர்க் குழாய்களை வற்றவைப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தை பிறக்கும்வரை கேரவனை வெளியே எடுக்கப்போவதில்லையா? அப்படியானால் அதை நிறுத்தும் முன் ஒரு நாளை ஒதுக்கி, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் இதைக் குளிர்காலத் தயாரிப்பு என்று சொல்லும். உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அந்த அழுத்தத்தில் குழாயும் பம்பும் பிளந்துவிடும் என்பதால் பனி விழும் நாடுகளில் இது கட்டாயம்.

இராமேசுவரத்தில் மார்கழியிலும் தண்ணீர் உறையாது. ஆனாலும் இந்த வேலை நமக்கும் வேண்டும். நம் கடற்கரைக்கு எதிரி உப்பும் தேங்கிய நீரும். இருபத்தைந்து, முப்பது டிகிரி வெப்பத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் டேங்கில் வழுவழுப்பான படலம் பிடிக்கும், நாற்றம் வரும். காற்றுத் துளை திறந்திருந்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே முட்டையிட்டு, ஏறக்குறைய பத்து நாளில் கொசுவாகவே வெளியே வரும்.

தயார் செய்ய வேண்டியவை

ஸ்பானர், வாளி, டெஃப்லான் டேப், பழைய பல்துலக்கி, கொசுவலைத் துண்டு, சிலிக்கான் கிரீஸ், காற்றடிக்கும் பம்பு. இவற்றோடு, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். விலை குறைவு, இந்த மாவட்டத்தில் எந்தத் தண்ணீரை நம்பலாம் என்பதை நாக்கைவிட அது தெளிவாகச் சொல்லும்.

படி 1: கடைசியாக நல்ல தண்ணீர்

எந்தக் கையேட்டிலும் இல்லாத படி இது. நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதைத்தான். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல உவர்நீர் தருபவை. அந்த நீரை டேங்கில் வைத்திருந்து அப்படியே வடித்தால், குழாயின் வளைவுகளிலும் வால்வுகளிலும் ஒட்டியிருக்கும் துளிகள் காய்ந்து உப்பாகப் படியும். வால்வு இறுகுவதும், பம்பின் ரப்பர் விறைப்பதும், எவர்சில்வர் கிளாம்பு புள்ளி புள்ளியாக அரிபடுவதும் இதனால்தான்.

ஆகவே முதலில் உவர்நீரை வடித்துவிட்டு, காவிரிக் கூட்டுக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ டேங்கில் பாதியளவு நிரப்புங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் அதற்குக் கீழே காட்டினால் போதும். பம்பை ஓட்டி, சுடுநீர்க் குழாய், குளிர்நீர்க் குழாய், ஷவர், கழிப்பறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். வெளிப்புறம் கால் கழுவ வைத்திருக்கும் குழாயை மறந்துவிடாதீர்கள். கடற்கரையில் அதிகம் புழங்குவது அதுதான்.

படி 2: ஹீட்டர்

மின்சாரத்தையும், எரிவாயு ஹீட்டராக இருந்தால் அதன் வால்வையும் மூடிவிட்டு, உள்ளிருக்கும் நீர் ஆறும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது வடிகால் திருகைக் கழற்றினால் கை வெந்துவிடும். ஆறியபின் பம்பை நிறுத்தி, சுடுநீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு வடிகால் திருகைக் கழற்றி, மேலிருக்கும் அழுத்த வால்வின் நெம்பைத் தூக்கிவிட்டால் நீர் தடையின்றி இறங்கும். வெள்ளைத் துகள்களும் கூடவே வரும். அவை நீரின் சுண்ணாம்புப் படிவு.

எஃகுத் தொட்டி உள்ள ஹீட்டர்களில் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. உவர்நீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.

காலியான ஹீட்டரில் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும். ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதிய அட்டையைச் சுவிட்சிலேயே கட்டிவையுங்கள். தை மாதம் வண்டியைத் திறப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

படி 3: டேங்கும் குழாய்களும்

வடிகால் இருக்கும் பக்கம் சற்றே தாழும்படி வண்டியை நிறுத்துங்கள். நன்னீர் டேங்கின் வால்வைத் திறந்து, வண்டியின் அடியில் குழாய்களின் தாழ்ந்த இடத்தில் இருக்கும் மூடிகளையும் கழற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்தே வையுங்கள். பிறகு பம்பைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினால் அதற்குள் தங்கியதும் வந்துவிடும். நீரில்லாமல் அதை நெடுநேரம் ஓட்டக் கூடாது. பம்புக்கு முன்னால் இருக்கும் சிறிய சல்லடையைக் கழற்றிப் பல்துலக்கியால் தேயுங்கள். நம் ஊர் மணல் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

மிச்சத்தைக் காற்றால் ஊதித் தள்ள வேண்டும். இங்கே கவனம் தேவை. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐக்கு மேலும் அழுத்தம் இருக்கும்; அதை நேராகக் கொடுத்தால் இணைப்புகள் பிரிந்துவிடும். ரெகுலேட்டர் வைத்து 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் இல்லையென்றால் கம்ப்ரஸர் வேண்டாம். அளவுமானி உள்ள கால் பம்பே போதும். தண்ணீர்ப் பம்பின் வெளிப்போக்கு ஹோஸைக் கழற்றி அதன் வழியாகக் காற்றைக் கொடுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொலைவில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறங்கள். நீர் தெறிப்பது நின்று வெறும் காற்று வந்ததும் அதை மூடி அடுத்ததற்குப் போகலாம்.

படி 4: கழிவுநீர்

மண்டபம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடற்புல்லும் கடற்பசுவும் வாழும் நீர் அது. கழிவுநீர் டேங்கைக் கடற்கரை மணலிலோ ஓடையிலோ திறந்துவிடுவது பெருந்தவறு. சோப்புநீருக்கும் இது பொருந்தும். வீட்டு செப்டிக் டேங்கில் மட்டுமே ஊற்றுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த நாற்ற நீக்கி வேண்டாம். செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

கழிப்பறையின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். வாசலின் போன்றவை சிலவகை ரப்பரை உப்பச்செய்யும். கை, பாத்திரம் கழுவும் தொட்டிகளின் வடிகால் துளைகளில் அடைப்பான் வைத்தால் கரப்பான் பூச்சி ஏறாது.

படி 5: உலர்த்தி மூடுதல்

மழை பிடிப்பதற்குள் இரண்டு மூன்று வெயில் நாட்கள் கிடைத்தால் டேங்கின் மூடியைத் திறந்து, வாயில் வலை கட்டிக் காயவிடுங்கள். பிறகு மூடிவிட்டு, காற்றுத் துளையிலும் வழிதுளையிலும் கொசுவலையை இறுகக் கட்டுங்கள். ஏடிஸ் முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் வலையை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

லடாக் பக்கம் போகிறவர்களுக்கு

இங்கிருந்து குளிர்காலத்தில் லே வரை ஓட்டிப்போகிறவர்களுக்கு மேலே சொன்னது போதாது. அங்கே இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரியும் அதற்கு மேலும் இறங்கும். குழாய்களைக் காலிசெய்தபின், ஹீட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, பம்பின் உறிஞ்சு ஹோஸைப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரில் வைத்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வரும்வரை ஓட்ட வேண்டும். கழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும் ஒரு குவளை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கான கூலன்ட்டைப் பயன்படுத்தவே கூடாது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு.

தை மாதம் திரும்பத் திறக்கும்போது

கழற்றியவற்றை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டி, டேங்கை நிரப்புங்கள். 5 சதவீத வாசனையற்ற பிளீச்சிங் திரவத்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம், அதாவது 100 லிட்டருக்கு 100 மில்லி கலந்து, பிளீச் வாடை வரும்வரை எல்லாக் குழாய்களிலும் ஓட்டி ஓரிரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முழுவதும் வடித்து, வாடை போகும்வரை நன்னீரால் அலசுங்கள். படிவு நீக்க வினிகர் பயன்படுத்துவதென்றால் வேறொரு நாளில் செய்யுங்கள்; இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஹீட்டரின் சுடுநீர்க் குழாயில் நீர் தடையின்றி வந்தபின் சுவிட்சில் கட்டிய அட்டையை அவிழ்க்கலாம். குடிநீர் ஃபில்டரை எல்லாம் முடிந்தபிறகே மாட்டுங்கள். பம்பை ஒரு மணி நேரம் அழுத்தத்தில் வைத்து, இணைப்புகளின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் தாளில் ஈரம் தெரியும்.