சாதுவான நாய் திடீரென்று கடிக்க வந்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் மணி ஒரு லாப்ரடார். குழந்தைகள் மேலே ஏறி உட்கார்ந்தால்கூடப் பொறுத்துக்கொள்வான். அவன் போன மழைக்காலத்தில் கழுத்துப்பட்டையைத் தொட்டாலே பல்லைக் காட்ட ஆரம்பித்தான். காதுக்குள் சீழ். மருந்து போட்டதும் சரியாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், நாய்க்குக் குணம் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் உடம்பைப் பாருங்கள்.

யாருக்காவது கடியோ கீறலோ பட்டிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும். நாய் எச்சில் ஒழுக வாயைத் திறந்தபடியே இருந்து, தண்ணீரும் விழுங்க முடியாமல் தள்ளாடினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று கையை விடவே கூடாது. அது ரேபிஸாக இருக்கலாம். தனியாக அடைத்துவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, எப்போது உறுமுகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். தொடும்போதா, எழுந்திருக்கும்போதா, சோற்றுத் தட்டுப் பக்கம் போனாலா, தூக்கத்தில் எழுப்பினாலா? தூர நின்று போனில் வீடியோ எடுப்பதுதான் என் சிபாரிசு, ஏனென்றால் மருத்துவரின் மேஜையில் ஏற்றியதும் பல நாய்கள் பயத்தில் உறைந்துபோய் எதையும் காட்டாது. வலிக்கிற இடத்தை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறுவது, காதில் புளித்த நாற்றம், மாடிப்படி ஏறத் தயங்குவது, ஒரே பக்கமாக மெல்லுவது, இதெல்லாம் தெரிந்தால் போதும்.

மருத்துவரிடம் காது, பல், இடுப்பு, கண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், இபுப்ரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம்.

மருத்துவரிடம் போகும்போது யாரையும் கடிக்காமலிருக்க மாட்டும் வாய்மூடிதான் எங்களைத் திணறடித்தது. துணியில் வருவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், நம் ஊர் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, தானாக மூக்கை நுழைத்து நக்கவிடுங்கள். சில நாள் அவ்வளவுதான், வாரைப் பூட்டவே கூடாது. அது பழகிய பிறகு ஒரு நொடி பூட்டிக் கழற்றி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கலாம்.

பின்சேர்க்கை: தூக்கத்தில் தொட்டால் பாயும் வயதான நாயைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கண்ணோ காதோ மங்கியிருக்கலாம், தரையைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். குட்டி போட்ட தாய் உறுமுவது பெரும்பாலும் இயல்புதான், தள்ளி நில்லுங்கள். காது ஆறியும் பட்டையைக் கண்டால் மிரள்கிறது என்கிறீர்களா? வலியின் நினைவு அவ்வளவு சீக்கிரம் போகாது. பட்டையைக் காட்டும்போதெல்லாம் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள்.