பெரிய மென்பொருளில் பொது இடைமுகத்தைத் தனியே பிரித்து வைப்பது எப்படி?

பல குழுக்கள் சேர்ந்து எழுதும் மென்பொருளில், ஒரு பகுதியின் எந்தச் செயற்கூறுகளை (ஃபங்ஷன்) மற்றவர்கள் அழைக்கலாம் (இவையே அதன் பொது இடைமுகம்), எவை உள்வேலைக்கு மட்டும் உரியவை என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். காட்பாடியிலும் வேலூரிலும் படிப்பை முடித்து முதல் வேலைக்குச் செல்வோருக்காக, இதைக் கோ (Go) என்ற நிரல்மொழியில் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் நிறுவனங்களின் சரக்கைக் கையாளும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் மாவட்டத்தைச் சொல்லும் ‘முகவரி’ என்ற தொகுப்பு (பேக்கேஜ்) அதில் உள்ளது. பில் பகுதியும் லேபிள் பகுதியும் அதைப் பயன்படுத்துகின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பிரிவினைக்கு முந்தைய பில்லை மறுபடி அச்சிட்டால் வேலூர் என்றே வர வேண்டும் என்பதால், தரவுத்தளத்தில் ஆம்பூருக்கு இருந்த ஒற்றை வரிசை, காலவரம்புடன் கூடிய இரண்டு வரிசைகளாக மாறியாக வேண்டும். அட்டவணையை நேரடியாகப் படித்த பகுதிகள் அத்தனையும் அன்றே தடுமாறும். 1989இல் வட ஆற்காடு பிரிக்கப்பட்டதையும் எண்ணிப் பார்த்தால், இத்தகைய மாற்றம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று.

முதல் படி, அழைப்பவர்களிடமிருந்து தொடங்குவது. பில் பகுதிக்குக் குறிப்பிட்ட நாளில் இருந்த மாவட்டம் வேண்டும். லேபிளுக்கு இன்றைய மாவட்டம் வேண்டும். வரிசை எண் எவருக்கும் வேண்டியதில்லை. ஆகவே ஊரையும் நாளையும் பெற்று மாவட்டப் பெயரைத் தரும் ஒரே செயற்கூறு போதும். நம்மிடம் உள்ளதையெல்லாம் வெளியே காட்டிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம், ஏனெனில் வெளியே தெரிந்த எதையும் யாரேனும் ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவதாக, ‘முகவரி’ கோப்புறைக்குள் ‘இன்டர்னல்’ (internal) என்ற கோப்புறையை உருவாக்கி, அட்டவணையைப் படிக்கும் நிரல் முழுவதையும் அங்கே நகர்த்துங்கள். ‘முகவரி’க்கு வெளியிலிருந்து எவரேனும் அதை இம்போர்ட் செய்தால் கோ கருவியே பிழை காட்டி நிறுத்திவிடும். 2015இல் வந்த 1.5 பதிப்பு முதல் இவ்விதி எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்துகிறது.

மூன்றாவது படியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். பொதுச் செயற்கூறு, இன்டர்னலில் வரையறுத்த ‘வரிசை’ என்ற ஸ்டிரக்டையே (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் தரவு வகை) திருப்பி அனுப்பினால் கம்பைலர் அதைத் தடுக்காது. அழைப்பவரால் அந்த வகையின் பெயரைச் சொல்ல முடியாதே தவிர, கிடைத்த மதிப்பை ஒரு மாறியில் வைத்து, பெரிய எழுத்தில் தொடங்கும் (கோ மொழியில் வெளியே தெரியும்) புலங்கள் அனைத்தையும் படிக்க முடியும். பூட்டிய அறையின் சன்னல் திறந்திருப்பது போன்ற நிலை இது. எனவே பொது வகைகளைப் பொதுக் கோப்பிலேயே தனியாக எழுதி, உள்வகையிலிருந்து அவற்றுக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரே புலங்களை இரண்டு இடத்தில் எழுதுவது வீண்வேலை போலத் தோன்றினாலும், அட்டவணையைப் பிறகு சுதந்திரமாக மாற்றும் உரிமை இதனால்தான் கிடைக்கிறது.

சி++ போன்ற மொழிகளில் ‘இன்டர்னல்’ போன்று கோப்புறை அளவில் தடுக்கும் விதி இல்லாததால், வேறு ஏற்பாடு தேவைப்படுகிறது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தின் ‘கன்டென்ட்’ பகுதியில் ‘பப்ளிக்’ என்ற தனிக் கோப்புறை உள்ளது. எந்தப் பகுதி எதைச் சேர்க்கலாம் என்ற விதிகளை ‘டெப்ஸ்’ (DEPS) கோப்புகளில் எழுதி, அவற்றை ஒரு நிரலால் சரிபார்க்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 2012இல் வெளியான 3.7 பதிப்பில், பயனர் நிரல்களுக்கான தலைப்புக் கோப்புகளை (ஹெடர்) ‘யூஏபிஐ’ (uapi) என்ற கோப்புறைக்குப் பிரித்தது.

அடுத்து, சோதனைகளை வெளியாள் போல எழுதுங்கள். தொகுப்பின் பெயருடன் ‘_டெஸ்ட்’ (_test) என்ற பின்னொட்டைச் சேர்த்துத் தனித் தொகுப்பாக எழுதினால், பொதுப் பெயர்களை மட்டுமே பயன்படுத்த இயலும். ஆம்பூருக்கு 2018ஆம் ஆண்டின் ஒரு நாளையும் 2020ஆம் ஆண்டின் ஒரு நாளையும் கொடுத்துப் பாருங்கள்.

நாளைக் கேட்காத பழைய செயற்கூறு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால், அதை உடனே நீக்க வேண்டாம். உள்ளே புதியதை அழைக்குமாறு மாற்றி, அதன் விளக்கக் குறிப்பில் ‘டெப்ரிகேட்டட்:’ (Deprecated:, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம்) எனத் தொடங்கும் பத்தியில் மாற்றாக எதை அழைக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, எல்லா அழைப்புகளும் மாறிய பின் நீக்குங்கள்.