பாசிச் சரிவில் படகை ஏற்றும்போது
பொல்கொட ஏரிக்கு ட்ரெய்லரில் படகு கொண்டுசெல்லும் கொழும்பு நண்பர்களே, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் கெப் (பிக்கப்) வாகனமே போதும். படகை இறக்குவது எளிது. திரும்ப ஏற்றுவதில்தான் சிக்கல். வெறும் கெப்பின் பின்புறத்தில் பாரமில்லை. நீர்விளிம்பில் வழவழவென்று படிந்திருக்கும் பச்சைப் பாசியில் டயர் நின்ற இடத்திலேயே சுழலும். பின் அச்சுக்கு மேலே சில மணல் மூட்டைகளைப் போடுங்கள். அதைவிட நான் நம்புவது நல்ல தடித்த கயிற்றை: கெப்பைக் காய்ந்த தரையில் நிறுத்தி, ட்ரெய்லரை நீளக் கயிற்றில் கட்டி, மெதுவாக, நேராக இழுங்கள். விறைத்த கயிற்றின் அருகே எவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். டயர் சுழன்றால் அக்சிலேட்டரை மேலும் அழுத்தாதீர்கள். வண்டி நீரை நோக்கிச் சறுக்கும். பிரேக்கைப் பிடித்தவுடன், பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்கட்டும்.